ஏழாம் இலக்கச் சுண்டெலி

வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் ஒருத்திக்கு விஞ்ஞானபீடத்து ஆய்வுகூடத்தில் என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். வேலை மிகச் சிறியது. விடுதியில் என்னோடு ஒரே அறையில் வசிக்கும் தோழி, தன் இறுதியாண்டு ஆய்வுக்காகச் சுண்டெலிகளின் குருதியில் அழற்சிப் புரதங்களை அளந்துகொண்டிருந்தாள். மணிக்கூட்டைப் பார்த்து நேரஞ் சொல்லவும், எண்களைக் குறிப்பேட்டில் எழுதவும் ஒருவர் வேண்டும் என்றாள். சென்ற ஆண்டின் ஒரு சனிக்கிழமை முழுவதும் அப்பணியைச் செய்தேன்.

அழற்சியை நான் முதலிற் கண்டது அம்மம்மாவின் விரல்களிலேதான். காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கவியலாதபடி மூட்டுகள் வீங்கிச் சிவந்திருக்கும். அவ்வீக்கத்தின் பின்னணியில் கலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகள் உண்டென்பதையும், அச்செய்திகளைக் காவும் சிறு புரதங்களைச் சைற்றோகைன்கள் என்பர் என்பதையும் தோழி சொல்லியே அறிந்தேன். அவற்றுள் இரண்டை அவள் அளந்தாள். ஒன்று, 1975இல் பெயர் பெற்ற ரியூமர் நெக்குரோசிஸ் பக்ரர், மற்றையது இன்ரர்லியூக்கின்-6. முன்னையதைத் தடுக்கும் பிறபொருளெதிரி ஒன்றை 1992இல் இலண்டனில் மூட்டுவாத நோயாளர் சிலருக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தனர். அதன் ஒரு பகுதி சுண்டெலியிலிருந்து பெறப்பட்டது. அம்மம்மாவுக்கு அம்மருந்து எட்டவில்லை. (எட்டியிருப்பினும் எலி என்றதும் வேண்டாமென்றிருப்பார்.)

அளக்கும் முறைக்கு எலைசா என்று பெயர். சுவீடனைச் சேர்ந்த ஏங்வால், பெர்ள்மான் ஆகியோர் 1971இல் இதனை வெளியிட்டனர். அதற்கு முன்னர் யாலோவும் பேர்சனும் இவ்வகை நுண்ணளவீட்டுக்குக் கதிர்த்தொழிற்பாடுள்ள அயடீனைப் பயன்படுத்தினர்; இம்முறையில் அதனிடத்தை ஒரு நொதியம் பிடித்தது. உள்ளங்கையளவான தட்டொன்றில் 8 வரிசை, 12 நிரல் என 96 குழிகள். குழியின் அடியிற் பூசப்பட்ட பிறபொருளெதிரி, நாம் தேடும் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்கிறது. ஏனையவை கழுவப்பட்டு நீங்குகின்றன. பின்னர், அதே புரதத்தின் வேறோரிடத்தைப் பற்றும் இரண்டாவது பிறபொருளெதிரி இடப்படுகிறது. அதனோடு குதிரைமுள்ளங்கியினின்று எடுத்த நொதியம் பிணைக்கப்படுகிறது. நொதியம் நிறமற்ற திரவத்தை நீலமாக்கும். அமிலம் இட்டதும் நீலம் மஞ்சளாகும். மஞ்சளின் செறிவைக் கருவியொன்று 450 நனோமீற்றர் அலைநீளத்தில் வாசிக்கும். பிறபொருளெதிரி என்ற சொல்லைப் பாடசாலையில் மனனஞ் செய்து பரீட்சையோடு மறந்தவள் நான். அன்று அதன் பொருள் கண்முன்னே நிறமாகத் தோன்றியது.

எமது துறையில் ஒரு சம்பவத்துக்கு ஒன்றையொன்று சாராத இரு சான்றுகள் வேண்டுமென்று கற்பிப்பர். இங்கும் அதுவே நிகழ்கிறது. இருவரும் பற்றினாலன்றி நிறம் வராது. அச்சாட்சிகள் பெரும்பாலும் ஆடு முதலிய வேறு விலங்குகளிலிருந்து வந்தவை. சுண்டெலியின் குருதியில் அதன் சொந்தப் பிறபொருளெதிரிகளே நிறைந்திருப்பதால், சுண்டெலிச் சாட்சியை இட்டால் எது சாட்சி, எது கூட்டம் என்று பிரித்தறிவது கடினம். உறவினர் சாட்சியத்தை வழக்கிலும் ஐயத்தோடுதானே கேட்கிறோம்!

காலமும் முக்கியமானது. பற்றீரியச் சுவர்ப் பொருளை ஊசியால் ஏற்றினால், முதற் புரதம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சத்தையடைந்து சில மணிக்குள் தணிந்துவிடுகிறது. பிந்திக் குருதி எடுத்தவர், அங்கு எதுவுமே நடக்கவில்லை என்று எழுதக்கூடும். சம்பவம் ஓய்ந்தபின் ஊருக்கு வந்து குறிப்பெழுதிய எத்தனையோ பயணிகளை நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு சுண்டெலிகள். முதல் ஆறுக்கும் உப்புநீர். ஏழு முதல் பன்னிரண்டு வரையுள்ளவற்றுக்கு நோய்ப்பொருள். ஒவ்வொன்றுக்கும் இரு குழிகள். அளவு தெரிந்த கரைசல்களை 1000 பிக்கோகிராமிலிருந்து படிப்படியாகப் பாதியாக்கி ஒரு வளைகோடு வரைந்தாள். பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் இலட்சங் கோடியில் ஒரு பங்கு. மாலை நான்கு மணியளவில் எண்கள் வந்தன. ஏழாம் இலக்கத்தின் இரு குழிகளும் ஒன்றுபோலவே கடும் மஞ்சள். வளைகோட்டின் உச்சிக்கும் அப்பால். நீர்ப்பாயத்தை ஐதாக்கி மீண்டும் அளந்தால் விடை கிடைத்துவிடும். ஆனால் நீர்ப்பாயம் மீதியில்லை. சுண்டெலியொன்றின் முழுக் குருதியே ஏறக்குறைய 2 மில்லி லீற்றர்தான். எடுக்கக்கூடியது அதிலும் குறைவு. ஏழாம் இலக்கத்துக்கு நோய் கடுமையாயிருந்ததால் வழமையான அளவுகூடக் கிடைக்கவில்லை. கிடைத்தது இரு அளவீடுகளோடும் முடிந்துவிட்டது.

"கோட்டை நீட்டிப் பார்த்தால் 1400 மட்டில் வரும்" என்றாள்.

"அப்ப 1400 எண்டு போடன். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன். சொன்னதோடு நில்லாமல் எழுதியும்விட்டேன். சான்றில்லாத இடத்தைக் கற்பனையால் நிரப்பிய நூலாசிரியர்களைக் கண்டித்து அதற்கு முந்திய வாரந்தான் ஒரு கட்டுரை சமர்ப்பித்திருந்தேன்.

அவள் கோபிக்கவில்லை. வளைகோட்டின் உச்சியைக் காட்டினாள். அங்கே அது படுத்துவிடுகிறது. நிறத்தில் மயிரளவு வேறுபாடு, புரதத்தில் பன்மடங்கு வேறுபாடாகும். 1400ஆகவும் இருக்கலாம், 4000ஆகவும் இருக்கலாம். "அப்படியென்றால் இந்த எலியை விட்டுவிடலாமே" என்றேன். விட்டால் மிகவும் நோயுற்றதுதான் கணக்கிலிருந்து நீங்கும். மிகுதி ஐந்தின் சராசரி, நோயை உண்மையிலும் இலேசாகக் காட்டும். அவள் சராசரியையே கைவிட்டு, இடையத்தையும் தரவரிசையையும் கொண்டு கணக்கிடத் தீர்மானித்தாள். அதற்காக எழுதி முடித்திருந்த ஓர் அத்தியாயத்தை மீண்டும் எழுதினாள். சமர்ப்பிக்க ஒன்பது நாட்களே இருந்தன.

நான் அழிப்பானை எடுத்தபோது கையைப் பிடித்துத் தடுத்தாள். ஆய்வுக் குறிப்பேட்டில் எதையும் அழிக்கலாகாதாம். அடியிலுள்ளது தெரியும்படி ஒற்றைக் கோட்டால் வெட்டித் திகதியும் இட வேண்டுமாம். அப்பக்கத்தில் ஏழாம் இலக்கத்துக்கு எதிரே, வெட்டப்பட்ட 1400உம், அதன் பக்கத்தில் "1000இற்கு மேல், நீர்ப்பாயம் மீதியில்லை" என்ற குறிப்பும் இருக்கின்றன. இரண்டும் என் கையெழுத்தே.