மும்பாயில் ஒரு மார்கழி – 3: ‘பொம் பொம்’ வந்த வழி

சென்ற பகுதியில் செம்பூர் மாமி வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றேன். அங்கேயிருந்தே தொடங்குகிறேன். எனக்கு இங்கே நாலு கிழமைக் குறும்படிப்பு. அது முடியும்வரை மாமி வீட்டுப் பின்னறைதான் என் இருப்பிடம்.

என்னிடம் மாமி கண்ட முதல் குறை ஸ்வெட்டர் இல்லாதது. “குளிர்காலத்துல பம்பாய்க்கு வரவா ஒரு ஸ்வெட்டர் எடுத்துண்டு வரப்படாதோ?” என்றார். வெளியே பதினெட்டுப் பாகை இருக்கும். காவலாளி காதை மூடிய குரங்குத் தொப்பியோடு பனிமலையைக் காப்பவர்போல உட்கார்ந்திருந்தார். 1962 ஜனவரி 22ஆம் நாள் சாந்தாகுரூஸில் 7.4 பாகைக்கு இறங்கியதுதான் இந்த நகரத்தில் பதிவான ஆகக் கூடிய குளிர். மாமிக்கு அப்போது பள்ளிக்கூட வயது. நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார். உள்ளுக்குள் சிரித்தேன். இரண்டாம் நாள் விடிய, மாமியின் கம்பளிச் சால்வைக்குள் நான்தான் இருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் மார்கழி என்றால் மழை: வெள்ளம் நிற்கும் ஒழுங்கை, மூன்று நாளாகியும் காயாத உடுப்பு. இங்கேயோ ஆனியில் பிடிக்கும் மழை புரட்டாதியோடு முடிந்துவிடுகிறது. மார்கழி காய்ந்து கிடக்கிறது. முதல் நாள் காலை மாஹூல் பக்கம் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கக் கண்டு, பனி என்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அந்தப் பக்கம்தான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன என்று மாமி பிறகு சொன்னார்.

மூன்றாம் நாள் ஆறரை மணிக்குக் கீழே ‘பொம் பொம்’ என்று ஒரு சத்தம். எங்கள் ஊரில் காலையில் பாண்காரரின் முச்சக்கரவண்டி பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’ மெட்டைப் பாடிக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும். இயற்றியவர் பெயர் தெரியாத அம்மாக்களுக்கும் அந்த மெட்டுத் தெரியும். அது கேட்டால் காசை எடுத்துக்கொண்டு படலைக்கு ஓடிய பழக்கம், இந்த ‘பொம் பொம்’முக்கும் என்னைப் படியிறங்க வைத்தது.

சைக்கிளில் பெரிய அலுமினியப் பாத்திரம், அதற்குள் ஆவி பறக்கும் இட்லி. பக்கத்தில் வடை, தூக்குவாளியில் சட்னி. இந்தியில் ஏதோ கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

“எத்தன ப்ளேட்டும்மா?”

“ரெண்டு தாங்கோ அண்ணை.”

“அண்ணையா? நீங்க மலையாளமா?”

யாழ்ப்பாணம் என்றேன். “சிலோனா!” என்று கூடுதலாக ஒரு வடை வைத்தார். என்னை மலையாளி ஆக்கியவர்களில் அவர் மூன்றாமவர். முதலாமவர் மாமி. பாலக்காட்டுக்காரரான அவர் என்னைத் தன் ஊர்ப் பக்கம் என்றே நினைத்திருந்தார். இட்லி எங்கே அவிக்கிறீர்கள் என்று கேட்டேன். “தாராவிலதான். ராத்திரி ரெண்டு மணிக்கே அடுப்பப் பத்த வச்சிருவோம். ஞாயித்துக்கெழம சாயங்காலம் வாங்க, மாவு ஆட்டுறதப் பாக்கலாம்” என்றார். வழியும் சொன்னார்.

“தாராவிக்குப் போறதானா முதல்ல மாட்டுங்காவைப் பாத்துட்டுப் போ” என்றார் மாமி. அது அவர் பிறந்து வளர்ந்த இடம்.

ஞாயிறு மத்தியானம் செம்பூரில் ஏறி, குர்லாவில் மாறி, மாட்டுங்காவில் இறங்கினேன். நிலைய அதிபர், பயணச்சீட்டுக் கொடுப்பவர், அதைச் சோதிப்பவர், பொலிஸ் எல்லாரும் பெண்கள். 2017இலிருந்து இந்த நிலையத்தை முழுக்கப் பெண்கள்தான் நடத்துகிறார்கள். சோதிக்க வந்தவரிடம் சீட்டை நீட்டியபோது, பிழையொன்றும் செய்யாமலே பரீட்சையில் தேறியதுபோல ஒரு பெருமை.

வெளியே வந்தால் வாழையிலைக் கட்டு, மல்லிகைச் சரம், வெற்றிலை, கோப்பிக்கொட்டை வறுபடும் மணம். வாசல்களில் மார்கழிக் கோலம். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் 1940இல் தொடங்கிய ‘கஃபே மெட்ராஸ்’ வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பெயர்ப்பலகையில் மெட்ராஸ் இருந்தாலும் அதை நடத்துவது கன்னட நாட்டிலிருந்து வந்த குடும்பம். விந்தியத்துக்குத் தெற்கே உள்ள எல்லாரையும் ‘மதராசி’ என்ற ஒரே சொல்லில் கட்டிவைத்த ஊர், உணவகத்துக்கு வேறு என்ன பெயர் கேட்கும்? கோப்பி பித்தளை டபராவில் வந்தது. நான் பேணியை வாயில் வைத்துக் குடிப்பதை முன்மேசைத் தாத்தா மன்னிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த அகன்ற தெருக்களும் மரநிழலும் தானாக வந்தவை அல்ல. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்து, நெரிசலைக் குறைக்கத் தாதர், மாட்டுங்கா, வடாலா, சாயன் பக்கங்களைத் திட்டம்போட்டு வகுத்தார்கள். ஆங்கிலமும் தட்டச்சும் தெரிந்து வந்த தென்னிந்தியக் குமாஸ்தாக்கள் இங்கே குடியேறினார்கள். பிள்ளைகளைப் படிப்பிக்க 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மாமி அதன் பள்ளியில் படித்தவர்.

மாமி சொன்ன இன்னொன்றும் கோப்பியோடு ஞாபகம் வந்தது. 1966இல் சிவசேனை தோன்றியது. தென்னிந்தியர் வேலைகளைப் பறிக்கிறார்கள் என்ற கோஷம் கிளம்பியது. வேட்டிக்காரர்களைத் துரத்தச் சொல்லும் முழக்கமும் அதில் இருந்தது. அந்த நாட்களில் மாமியின் அப்பா வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, காற்சட்டையோடு ரயிலேறுவாராம். “உனக்குப் புரியுமோ என்னமோ” என்றார் மாமி. 1983 ஜூலையில் கொழும்பில் பொட்டை அழித்துவிட்டு வீதியைக் கடந்த என் பெரியம்மாவின் கதையைச் சொன்னேன். மாமி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் இன்னொரு தோசை வார்த்தார்.

மாட்டுங்காவிலிருந்து ஒரே ஒரு நிலையம் திரும்பி வந்தால் சாயன். இறங்கி நடந்தால் தொண்ணூறடிச் சாலை. எங்கும் தமிழ்ப் பலகைகள், காதில் விழுவது நெல்லைத் தமிழ். மாட்டுங்காவைத் திட்டம்போடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1880களில், நகருக்குள் நாறக்கூடாது என்று தோல் பதனிடும் வேலை இந்தச் சதுப்புநிலப் பக்கம் தள்ளப்பட்டிருந்தது. அந்த வேலையை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சௌராஷ்டிரத்திலிருந்து குயவர்கள் வந்து கும்பார்வாடா ஆனது. இங்குள்ள மிகப் பழைய பள்ளிவாசல் 1887இல் தொடங்கியது, கணேசர் கோயில் 1913இல் கட்டியது. தமிழர்கள் இந்தச் சாலையில் வரிசையாக வைக்கும் பொங்கலை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று மாமியே சொல்லியிருந்தார்.

இட்லி அண்ணாச்சியின் வீடு, இரண்டுபேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டிய சந்துக்குள் இருந்தது. கீழே ஒரு அறை, மேலே ஏணிவழியே இன்னொன்று. கீழறையில் இரண்டு கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா உளுந்து மாவைக் கையால் அளைந்துகொண்டே கதைத்தார்.

“குளிர் வந்துட்டா எங்களுக்குத்தான் பாடு. மாவு பொங்கவே மாட்டேங்கு. வெந்நி விட்டு ஆட்டி, சாக்குப் போட்டு மூடி வைக்கணும். பொங்கலன்னா இட்லி கல்லாப் போயிரும், காலம்பற யாவாரம் போச்சு.”

மும்பாய்க் குளிரைப் பார்த்து நான் சிரித்தது அப்போதுதான் பிழையாகப் பட்டது.

“உங்கட ஊர் எது அக்கா?”

“கோவில்பட்டி பக்கம். ஊருக்குப் போயி மூணு வருசமாச்சு.”

“அங்கயா பிறந்தனீங்கள்?”

“நானா? இங்க சாயன் ஆஸ்பத்திரில.”

பிறந்த இடம் ஒன்று, ஊர் இன்னொன்று. ரொறன்ரோவில் பிறந்த என் மச்சாளும் ‘ஊர்’ என்று பருத்தித்துறையைத்தான் சொல்லுவாள்.

தாராவியை இடித்துக் கட்டும் திட்டம் பற்றிக் கேட்டேன். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்தவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. மற்றவர்களுக்கு வேறு இடத்தில். அக்காவிடம் பழைய காகிதங்கள் இருக்கின்றன. அவருடைய கவலை வேறு: “மாடி வீடு குடுப்பாக, சரி. அங்க ராத்திரி ரெண்டு மணிக்குக் கெரைண்டர் போட்டா மேல் வீட்டுக்காரன் சும்மா இருப்பானா?”

தேத்தண்ணி வந்தது. கூடவே இட்லி வரும் என்று மாட்டுங்கா வயிற்றோடு பயந்துகொண்டிருந்தேன். வந்தது பாவ், பக்கத்துக் கடையிலிருந்து சின்னவன் ஓடிப்போய் வாங்கி வந்த நாலு பாவ்.

“நாங்க ராவும் பகலும் இட்லி வாசத்துலயே கெடக்கோம். அதப் போயி யாரு திங்க?” என்றார் அக்கா.

தேத்தண்ணியில் தோய்த்து வாயில் வைத்தேன். “எங்கட பாண்தான்!” என்றேன். உண்மையில் இரண்டும் ஒரே சொல். போர்த்துக்கீசர் தங்கள் ரொட்டியின் பெயரை இரண்டு கரைகளிலும் விட்டுப்போனார்கள். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள், 1661இல் தங்கள் இளவரசியை இங்கிலாந்து மன்னருக்குக் கொடுத்தபோது பம்பாயைச் சீதனமாக எழுதிக்கொடுத்தார்கள். இதையெல்லாம் விளங்கப்படுத்தத் தொடங்கினேன். சின்னவனுக்கு வரலாற்றில் அக்கறை இல்லை.

“ஒங்க ஊர்ல இட்லிக்காரரு ஹாரன் அடிப்பாரா?”

“இட்லி வராது. பாண்தான் வரும், பாட்டோட.”

“என்ன பாட்டு? பாடுங்கக்கா.”

கிரைண்டர் சத்தத்துக்கு மேலால் பீத்தோவனைப் பாடினேன். இரண்டு அடி முடிவதற்குள் அவன் கையைத் தட்டித் துள்ளினான்.

“அம்மா, இது கார் ரிவர்ஸ் எடுக்கிற பாட்டு!”

(தொடரும்)