பாட்டிலுக்கு வயசாகாது, தாத்தா!

'பழசாக ஆகத்தான் மதிப்பு' என்று நாம் நினைக்கும் பொருள்களில் கோன்யாக்கும் ஒன்று. அது பாதிதான் உண்மை.

பிரான்ஸின் தென்மேற்கில், ஷாரான்ட் நதிக்கரையில் உள்ள ஊரின் பெயர்தான் கோன்யாக். அதைச் சுற்றி, சட்டப்படி எல்லை வகுத்த பகுதியில் விளையும் வெள்ளைத் திராட்சையிலிருந்து முதலில் ஒயின் தயாரிக்கிறார்கள். பிறகு செம்புக் கொதிகலனில் இரண்டு முறை வடித்து, ஓக் மரப் பீப்பாயில் ஊறவைக்கிறார்கள். இப்படிச் செய்தால்தான் லேபிளில் அந்தப் பெயரைப் போட முடியும். மற்றவையெல்லாம் வெறும் பிராந்தி!

வடித்து இறக்கும்போது அது தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். பொன்னிறமும் வெனிலா வாசனையும் பீப்பாய் மரத்திலிருந்து மெள்ள மெள்ள வருபவை. மரத்தின் வழியே வருடத்துக்கு சுமார் 2 சதவிகிதம் ஆவியாகிவிடும். இதை 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். அந்த ஆவியில் வளரும் ஒருவகைப் பூஞ்சையால் கிடங்குகளின் சுவரும் கூரையும் கறுத்துக் கிடக்கும்.

பீப்பாயிலிருந்து கண்ணாடிக்கு மாறியதும் வயது நின்றுவிடும். 50 வருடம் மரத்தில் இருந்தது, கண்ணாடிக்குள் இன்னொரு 50 வருடம் இருந்தாலும் '50 வருட' கோன்யாக்தான். அதனால்தான் 'இது போதும்' என்று தோன்றும் பழைய சரக்கை, பிரம்புக்கூடை பின்னிய பெரிய கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி வைக்கிறார்கள். குடுவைகள் இருக்கும் அந்த அறைக்குப் பெயர், 'சொர்க்கம்'.

ஆபீஸில் ஒரு கட்டுரைக்காக இதையெல்லாம் படித்தபோது, எனக்குப் புதுச்சேரி வீட்டு ஷோகேஸ்தான் கண்ணில் வந்தது. பாரீஸில் இருக்கும் பெரியப்பா 1999-ல் கொண்டுவந்த எக்ஸ்.ஓ பாட்டில், டீ செட்டுக்குப் பக்கத்தில் இன்னும் சீல் உடைக்காமல் நின்றது. 'இருக்க இருக்க நல்லா வரும்' என்பது தாத்தாவின் நம்பிக்கை. அவரும் இரண்டு நண்பர்களுமாக ஒருநாள் சேர்ந்து திறப்பதாகப் பேச்சு. அந்த மூவரில் ஒருவர் இரண்டு வருடங்களுக்கு முன்பு போய்ச் சேர்ந்துவிட்டார்.

போனில் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்போ இத்தனை வருஷமா அது சும்மாவாம்மா நின்னுச்சு?" என்றார்.

அடுத்த மாதமே, டாக்டரிடம் கேட்டுவிட்டு, மிச்சமிருந்த நண்பரை வீட்டுக்கு வரச்சொன்னார். பழைய கார்க் திறக்கும்போதே உதிர்ந்துவிட்டது. பாட்டி டீ வடிகட்டியைக் கொடுத்தார். ஆளுக்கு 30 மி.லி. குடித்ததைவிட, வராத மூன்றாமவரைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். நான் குடிப்பதில்லை. ஆனால், மறுநாள் காலையில் கழுவாமல் இருந்த கிளாஸை முகர்ந்து பார்த்தேன். உலர்ந்த அத்திப்பழம், பழைய மர பீரோ, லேசாகத் தேன்... இத்தனை வாசனை அதற்குள் இருந்தது!

வாங்குபவர்கள் லேபிளைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. பலவற்றைக் கலந்துதான் கோன்யாக் தயாராகிறது. லேபிளில் உள்ள எழுத்து, அந்தக் கலவையில் மிக இளையதன் வயதைச் சொல்கிறது. வி.எஸ் என்றால் குறைந்தது 2 வருடம், வி.எஸ்.ஓ.பி என்றால் 4. எக்ஸ்.ஓ-வுக்கு முன்பு 6 வருடமாக இருந்தது, 2018 முதல் 10. 'கிராண்ட் ஷாம்பெய்ன்' என்று போட்டிருந்தால் நுரை பொங்கும் ஷாம்பெய்ன் என்று நினைக்க வேண்டாம். அது சுண்ணாம்பு மண் நிறைந்த, கோன்யாக்கின் பேர்போன திராட்சைப் பகுதி.

பாட்டிலை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். சினிமாவில் வரும் பெரிய வயிற்றுக் கிளாஸைவிட, வாய் குறுகிய ட்யூலிப் வடிவ கிளாஸே வாசனையைப் பிடித்து வைக்கும். நல்ல பழைய கோன்யாக்குக்கு ஐஸும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். தீயில் காட்டிச் சூடாக்கவும் கூடாது. ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, முதலில் முகர்ந்து, பிறகு சிறு மிடறு. ஒரே மூச்சில் கவிழ்க்க நினைப்பவர்களுக்கு இவ்வளவு விலை கொடுத்து வாங்குவது வீண்.

இன்று வடித்ததை 50 வருடம் கழித்து ருசி பார்த்துக் கலக்கப்போகிறவர், இன்னும் பிறக்காதவராகக்கூட இருக்கலாம். அது தெரிந்தேதான் பீப்பாயை நிரப்புகிறார்கள். காத்திருக்கும் வேலையை எல்லாம் அவர்களே முடித்துவிட்டுத்தான் பாட்டிலில் அடைக்கிறார்கள். அதற்கு மேலும் நாம் காத்திருந்தால் வயதாவது நமக்கும் நம்மோடு உட்கார வேண்டியவர்களுக்கும்தான்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கானது.)