புது முட்டையின் பிடிவாதம்

முட்டை அவிப்பதும் ஒரு வித்தையா என்று நேயர்கள் நகைக்கலாம். நாமும் ஒரு காலத்தில் நகைத்தவர்களே.

நாகர்கோவிலில் நம் இல்லத்துக்கு ஒரு நாள் விருந்தினர் வந்திருந்தனர். கடை முட்டை வேண்டாமென்று, அடுத்த வீட்டுக் கோழிகள் அன்று காலையில் இட்ட முட்டைகளையே பெருமையோடு வாங்கி அவித்தோம். உரிக்கத் தொடங்கியதும் பெருமை பறந்தது. ஓட்டோடு வெண்கருவும் பிய்ந்து வந்தது. மேடும் பள்ளமுமாய் இலையில் விழுந்த உருண்டைகளைப் பார்க்க நமக்கே சகிக்கவில்லை.

கோழிகளுக்குச் சொந்தக்காரரான ஆச்சி சிரித்தார். “இன்னைக்கு இட்டதை இன்னைக்கே அவிச்சா தோடு விடுமா மக்களே? ஒரு வாரம் கிடக்கட்டும்” என்றார்.

ஆச்சியின் வாக்குக்கு இரசாயன சாஸ்திரமும் சாட்சி சொல்கிறது. புது முட்டையின் வெண்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கிறது. ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளின் வழியே அது நாளடைவில் வெளியேறுகிறது. அதனால் வெண்கருவின் காரத்தன்மை ஏறி, உட்சவ்வை அது பற்றியிருக்கும் பிடி தளர்கிறது. நாமக்கல் பண்ணை முட்டை நம் ஊருக்கு வந்து சேர்வதற்குள் சில நாள் மூத்துவிடுவதால், அது அவ்வளவாக அடம் பிடிப்பதில்லை.

புது முட்டைதான் கைவசம் இருக்கிறதென்றால் அதற்கும் வழியுண்டு. தண்ணீர் தளதளவென்று கொதித்த பின்னரே முட்டையைக் கரண்டியால் மெல்ல இறக்க வேண்டும். பச்சைத் தண்ணீரிலிட்டுச் சூடேற்றினால் வெண்கரு மெதுவாக இறுகிச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். சுமார் 12 நிமிஷம் வெந்ததும் எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டு ஆறவிட வேண்டும். பிறகு, காற்றறை உள்ள பருத்த முனையில் தட்டி, அங்கிருந்து உரிக்க வேண்டும்.

இந்த அற்ப விஷயத்துக்கு இத்தனை விஸ்தாரமா? அடுத்த வாரம் நம் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் அம்மாள் முட்டை உரிப்பதைப் பார்த்து நின்றோம். 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 2010 முதல் பள்ளி நடக்கும் வாரத்துக்கு ஐந்து முட்டை வழங்கப்படுகிறது. முட்டையின் புரதத்தில் பாதிக்கு மேல் வெண்கருவில்தான் இருக்கிறது. அந்த அம்மாள் ஓட்டைக் கழற்றியபின் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தே தட்டில் வைத்தார். “பிஞ்சு போனா பிள்ளைகளுக்கு முகம் வாடிரும்” என்றார்.

விருந்தன்று நாம் ஓட்டோடு குப்பையில் கொட்டிய வெண்கரு அப்பொழுது நினைவுக்கு வந்தது. வீடு திரும்பியதும் ஆச்சியிடம் ஆறு முட்டை வாங்கி, தேதி குறித்து, அலமாரியில் வைத்திருக்கிறோம்.