தேரும் தெருவும்

சென்னையிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியையும் திருமழிசையையும் கடந்தால் குத்தம்பாக்கம் வருகிறது. திருமழிசையாழ்வார் பிறந்த மண்ணுக்கு அண்டை ஊர். செம்பரம்பாக்கம் ஏரிக்கும் அண்டை ஊர். ஊராட்சி என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று பிற ஊர்களுக்கு எடுத்துக்காட்டிய பெருமையும் இதற்கு உண்டு. 1996ஆம் ஆண்டில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற இளங்கோ, அறிவியலாளர் பணியை விட்டுவிட்டு வந்து, ஊர்மக்களைக் கூட்டிக் கிராமசபையில் பேச வைத்தார். தமக்கு வேண்டியதைத் தாமே கூடி முடிவு செய்து, அம்முடிவுக்குத் தாமே கட்டுப்பட்டு நடக்க எளிய மக்களாலும் இயலும் என்று காட்டிய ஊர் இது. அவ்வூரின் வாயிலிலேயே, நாடாளுமன்றம் வகுத்த சட்டம் நாள்தோறும் சக்கரத்தின் கீழ் நசுங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நான் நிற்பது பேருந்துக்காக. ஆதலால் பார்ப்பதற்கு நேரம் நிறையக் கிடைக்கிறது.

காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே அங்கு நின்று பார்த்தவர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. தொழிற்சாலைப் பணிமுறைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேன்கள், நேரம் தவறினால் சம்பளம் பிடிப்பார்கள் என்ற அச்சத்தோடு பறக்கின்றன. மண் ஏற்றிய டிப்பர் லாரி தார்ப்பாய் மூடாமல் சென்று, பின்னால் வருபவன் கண்ணில் புழுதியைத் தூவுகிறது. தண்ணீர் லாரி சாலையை நனைத்துக்கொண்டே போகிறது. தோளுக்கும் காதுக்கும் இடையே கைப்பேசியை இடுக்கிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்தபடியே ஒருவர் இருசக்கர வண்டியில் வருகிறார். அவர் வருவதோ எதிர்ப்புறமாக. 'ராங் சைடு' என்று நம் மக்கள் ஆங்கிலத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். தவறு என்று தமிழில் சொன்னால் மனம் உறுத்தும் போலும்!

தலைக்கவசத்தைப் பற்றித் தனியே ஒரு சொல் சொல்லவேண்டும். அதை முழங்கையில் மாட்டிக்கொண்டு வருபவர்களே மிகுதி. காவலர் நிற்பது தெரிந்தால் நூறடி தொலைவில் அது தலைக்கு ஏறும். அவரைக் கடந்தபின் மீண்டும் கைக்கு இறங்கும். கவசம் காவலரின் கண்ணுக்காக அணிவது என்றாகிவிட்டது. நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தலைக்கவசம் அணியாமல் வந்து மாண்டவர் நாடு முழுவதிலும் 50,029 பேர். அவ்வாண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் தொகை 1,68,491. ஒரு நாளைக்கு நானூற்று அறுபதுக்கும் மேல். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம் நம் தமிழ்நாடுதான்: 64,105 விபத்துகள், 17,884 இறப்புகள். இறந்தவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் மிகைவேகத்தால் மாண்டவர்கள் என்று அதே கணக்கு சொல்கிறது.

வேகம் என்பது என்னவென்று நம் இளைஞர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடுகிறது. குறுக்கே ஒருவர் வருவதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கில் அழுந்துவதற்கே ஏறத்தாழ ஒரு நொடி கழிந்துவிடும். 'பிஸ்மில்லாஹ்' என்று நிதானமாகச் சொல்லி முடிப்பதற்குள் நம் வகுப்பறையின் நீளத்தை விடக் கூடுதலான தொலைவு, பிரேக்கே பிடிக்காமல் கழிந்திருக்கும். வேகத்தை இருமடங்காக்கினால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை இயற்பியல் மாணவர் அறிவர். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுவர். எழுதிவிட்டு வெளியே வந்து வண்டியை முறுக்குவர்.

தமிழ் படித்தவன் ஆதலால் எனக்கு இவ்விடத்தில் பழைய தேர்கள் நினைவுக்கு வருகின்றன. அகநானூற்றின் நான்காம் பாட்டு, குறுங்குடி மருதனார் பாடிய முல்லைப் பாட்டு. வினைமுடித்துத் தலைவியைக் காண விரைந்து வருகிறான் தலைவன். கார்காலம் தொடங்கிவிட்டது, சொன்ன பருவம் வந்துவிட்டது, அவனுக்கு அவசரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் வழியிலுள்ள பூக்களில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் தேர்மணியின் ஒலியால் கலங்கிவிடக்கூடாதே என்று மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். நற்றிணையில் உலோச்சனார் பாடிய நெய்தற் பாட்டு ஒன்றிலோ, கடற்கரை மணலில் ஓடும் நண்டுகள் சக்கரத்தில் அகப்படாதபடி வலவன் கடிவாளத்தை ஆய்ந்து பிடித்துத் தேரைச் செலுத்துகிறான். வலவன் என்பது தேரோட்டிக்குப் பழந்தமிழ் வைத்த பெயர். வல்லமை என்னும் பொருளோடு உறவுடைய சொல். நண்டு பிழைக்குமாறு ஓட்டுவதே வல்லமை என்று அப்பாட்டைப் படிக்கும்போது தோன்றும். காற்றொலிப்பான் பொருத்திய பேருந்து பள்ளிப் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் வந்து அலறும்போதெல்லாம் மருதனாரை நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு தேர் திருவாரூரில் ஓடியது. மனுநீதிச் சோழன் கதையை அறியாதவர் தமிழ்நாட்டில் இரார். கண்ணகி பாண்டியன் அவையில் தன் ஊர்ப்பெருமை சொல்லும்போது அவனையே எடுத்துக்காட்டினாள். அக்கதையை விரித்துப் பாடிய சேக்கிழார், செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் உள்ள குன்றத்தூரில் பிறந்தவர். அவர் சொல்லும் முறையை ஊன்றிப் படிக்கவேண்டும். இளவரசன் வேண்டுமென்று கன்றின்மேல் தேரை ஏற்றவில்லை. கன்றுதான் யாரும் அறியாதபடி துள்ளி வந்து சக்கரத்தில் புகுந்தது. இன்றைய வழக்குமன்றத்தில் ஒரு சாதாரண வழக்கறிஞர் கூட அவனை விடுவித்துவிடுவார். கழுவாய் செய்தால் போதும் என்று அமைச்சர்களும் சொன்னார்கள். தந்தை கேட்கவில்லை. மகனை வீதியில் கிடத்தித் தேரை ஏற்றச் சொன்னபோது, பணிக்கப்பட்ட அமைச்சன் அதைச் செய்ய மாட்டாமல் தன்னுயிரை விட்டான். அரசன் தானே தேரைச் செலுத்தினான். அத்தண்டனை நமக்கு ஒவ்வாது, ஒவ்வவும் வேண்டா. நான் வியப்பது ஒன்றையே. மகன் ஓட்டிய தேரால் ஓர் உயிர் போனது என்றதும், அந்தத் தந்தை 'என் பிள்ளை நன்றாக ஓட்டுவான்' என்று சொல்லவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை வேளையில், உறவினர் ஒருவரின் உடல்நலம் கேட்டு வரப் புறப்பட்ட என் தந்தையார், நெடுஞ்சாலையை ஒட்டிய அணுகுசாலையில் நின்றுகொண்டிருந்தார். வண்டிகள் வரவேண்டிய திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுபத்தாறு வயதிலும் அந்த எச்சரிக்கை அவருக்கு உண்டு. இடித்த வண்டி எதிர்த்திசையிலிருந்து வந்தது. ஓட்டி வந்தவன் பதினேழு வயதுப் பையன். அத்தாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கூடிய கூட்டத்தில் பலர் பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு ஷேர் ஆட்டோக்காரர் தம் பயணிகளை இறக்கிவிட்டு, அத்தாவை இருக்கையில் கிடத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். கண்ட இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று நாள்தோறும் நான் குறைகூறும் ஷேர் ஆட்டோக்காரர்களில் ஒருவர் அவர், கட்டணமும் வாங்கவில்லை. அந்தக் குறையை நான் இன்றும் விடவில்லை என்பது வேறு.

மறுநாள் பையனும் அவன் தந்தையாரும் மருத்துவமனைக்கு வந்தனர். பையன் தலை கவிழ்ந்து நின்றான். அத்தா அவனை அருகே அழைத்து, "தம்பி, உனக்கு எங்கேயும் அடிபட்டதா?" என்று முதலில் கேட்டார். இல்லை என்றான். "ஏன் அந்தப் பக்கமாக வந்தாய்?" என்றார். "சுற்றி வந்தால் ரொம்ப தூரம் போகணும் தாத்தா. எல்லாரும் அப்படித்தான் வருவாங்க" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள். இதற்குள் பையனின் தந்தை குறுக்கிட்டு, "எட்டாவது படிக்கும்போதே ஓட்டக் கற்றுக்கொண்டான் பாய். இதுவரை ஒரு கீறல் கூட இல்லை" என்று பெருமையும் வருத்தமும் கலந்து சொன்னார். செலவுக்கென்று ஓர் உறையையும் நீட்டினார். அத்தா அதை வாங்கவில்லை. "உங்கள் வண்டிச் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தை அவர் அறிந்திருக்கமாட்டார். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால், அச்சட்டத்தின் 199அ பிரிவின்படி பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். மூன்று ஆண்டுகள் வரை சிறை, இருபத்தைந்தாயிரம் ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு நீக்கம். அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது. தனக்குத் தெரியாமலோ, தான் தடுக்க முயன்றும் மீறியோ பிள்ளை ஓட்டினான் என்று மெய்ப்பித்தால்தான் தந்தை தப்பலாம். சட்டம் எழுதியவர்கள் திருவாரூர்க் கதையைப் படித்தார்களோ இல்லையோ, தந்தையின் வாசலில் கட்டிய மணியை அடிக்க ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். கல்லூரியில் இடம் கிடைத்ததற்குப் பரிசாகப் பதினேழு வயதுப் பையனுக்குப் பைக் வாங்கிக்கொடுக்கும் பெற்றோர் நம் சமுதாயத்திலும் குறைவல்லர். அவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

நம் சமுதாயப் பெரியவர்களிடம் உரிமையோடு இன்னொன்றும் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். ஜும்ஆத் தொழுகைக்கு வருவோர் பள்ளிவாசல் தெருவில் வண்டிகளை எப்படி நிறுத்துகிறோம்? பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஆம்புலன்ஸில் அத்தெருவழியே கொண்டுசெல்ல நேர்ந்தால் என்ன ஆகும்? தெருவிற்கு அதன் உரிமையைக் கொடுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) தம் தோழர்களுக்குச் சொன்ன செய்தியையும், பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பதையும் மிம்பரில் கேட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறோம். வந்தவுடன் பாதையில் கிடக்கும் தொல்லை நம் வண்டியாகவே இருக்கிறது.

ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள இரண்டு நிகழ்ச்சிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. இறுதி ஹஜ்ஜின்போது அரஃபாவிலிருந்து பெருங்கூட்டம் திரும்புகிறது. பின்னால் ஒட்டகங்களை அதட்டி விரட்டும் ஆரவாரம் கேட்கிறது. பெருமானார் தம் சாட்டையால் சைகை காட்டி, அமைதியாகச் செல்லும்படியும், விரட்டி ஓட்டுவதில் புண்ணியம் இல்லை என்றும் மக்களுக்கு உணர்த்துகிறார்கள். அதே பயணத்தில் அவர்களின் நடை எப்படி இருந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது: நெரிசலில் நிதானமாகவும், இடைவெளி கிடைத்தால் சற்று விரைந்தும் சென்றார்களாம். விரைவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். மற்றொன்று அன்ஜஷா என்பவரைப் பற்றியது. அவர் இனிய குரலில் பாட, பெண்கள் அமர்ந்த ஒட்டகங்கள் பாட்டுக்கேற்ப வேகமெடுத்தன. மெல்லச் செல், ஏற்றியிருப்பவை கண்ணாடிக் கலங்கள் என்னும் கருத்துப்பட அவரைத் தடுத்தார்கள் பெருமானார். மனைவியைப் பின்னால் ஒருபக்கமாக அமர்த்தி, மடியில் ஒரு குழந்தையையும் கொடுத்து, லாரிகளுக்கிடையே புகுந்து ஓட்டுகிறவரைக் காணும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

அரசின் கடமையையும் மறந்துவிட்டுப் பேசுதல் முறையன்று. ஒரு கோவேறு கழுதை வழியில் இடறி விழுந்தாலும், பாதையை ஏன் சீர்செய்யவில்லை என்று இறைவன் தம்மைக் கேட்பான் என அஞ்சியதாகக் கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிச் சொல்வர். திரும்பும் இடத்தை மிகத் தொலைவில் வைத்துவிட்டு, இடையில் நடந்து கடப்போருக்கு வழியும் விளக்கும் அமைக்காமல் விட்டால், மக்கள் குறுக்கு வழிதான் தேடுவர். செய்தவற்றையும் சொல்லவேண்டும். 2008இல் 108 ஊர்தி வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்துக்குள்ளானவரின் முதல் 48 மணிநேர மருத்துவச் செலவை ஒரு வரம்புக்குள் அரசே ஏற்கிறது. உதவ வந்தவரைக் காவல்நிலையத்துக்கு அலைக்கழிக்கக் கூடாது என்பதற்கும் 2019ஆம் ஆண்டின் திருத்தத்தில் இடமுண்டு. அன்று பார்த்துக்கொண்டே நின்றவர்கள் இதை அறிந்திருந்தால் இரண்டு கைகளாவது கூடுதலாக நீண்டிருக்கும்.

குத்தம்பாக்கத்தில் வெளியூர்ப் பேருந்து நிலையம் அமைவதால் இப்பகுதியில் போக்குவரத்து இன்னும் பெருகும். 1998 முதல் கார்களைச் செய்துவரும் ஹூண்டாய் ஆலை, சாலையில் சற்றே தொலைவில் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. புதிய கார்களைச் சுமந்த நீண்ட லாரிகள் எம் ஊரைக் கடந்துதான் சென்னைக்குப் போகின்றன. அத்தா இப்போது நடைச்சட்டம் பிடித்து வாசல்வரை வருகிறார். வைகறைத் தொழுகையை நாற்காலியில் அமர்ந்து வீட்டிலேயே நிறைவேற்றுகிறார். ஜமாஅத்தோடு தொழமுடியவில்லையே என்பதொன்றே அவர் சொல்லும் குறை; பையனைப் பற்றி ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. கடிந்து பேசுவது நான்தான்.

அடுத்த வாரம் இரண்டாமாண்டு வகுப்பில் நற்றிணை தொடங்குகிறது. வலவன் என்னும் சொல்லுக்கு உரை சொல்லும் நாளில், வண்டியில் கல்லூரிக்கு வரும் மாணவர் அனைவரும் தத்தம் ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டுவருமாறு சொல்லியிருக்கிறேன். வண்டியில் வருவோர் இருபத்து மூவர். "இருக்கிறது ஐயா" என்று இதுவரை சொன்னவர் எழுவர்.