ஆறேகாலுக்கு வாசலில் நின்ற அன்ரி



எங்கள் சபையின் கார்க் குழுவில் உங்களில் பலர் ஓடுகிறீர்கள். வயதானவர்களை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் அந்தக் குழுவின் அட்டவணையைப் பார்ப்பது நாங்கள் மூன்று பேர். இரண்டு தாதியர், பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் ஒரு தம்பி. எங்கள் மூவருக்கும் நடந்த ஒரு பிழையை உங்களிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு நீங்களும் இப்படி ஏதாவது செய்வீர்கள். அப்போது உதவும்.

முதலில் எல்லாம் கொப்பியில்தான் இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிய, தேநீர் மேசையில் வைத்து எழுதுவோம். பிறகு ஒவ்வொரு இரவும், நாளைக்கு ஏறுகிறவருக்கும் கார் ஓடுகிறவருக்கும் தொலைபேசி எடுத்து நேரத்தைச் சொல்லுவோம். ஆறு, ஏழு அழைப்புகள் வரும். இரவு வேலைக்குப் போகிற நாளில், சீருடையைப் போட்டுக்கொண்டே பேச வேண்டியிருக்கும். களைத்துப்போனோம்.

ஒரு ஜனவரி மாதம், இதைக் கணினியிடம் கொடுப்போம் என்று தம்பி சொன்னார். வேலை சுலபமானது. கார் ஓடுபவர்கள் தங்களுக்கு வசதியான நாட்களை இணையப் படிவமொன்றில் நிரப்புவார்கள். அது ஓர் அட்டவணையில் சேரும். அமேசனின் முகில் கணினியில் லாம்டா என்றொரு சேவை இருக்கிறது. அதில் சிறிய நிரலொன்றை எழுதி வைத்தால், சொன்ன நேரத்துக்கு எழும்பி, வேலையை முடித்துவிட்டுப் படுத்துவிடும். மாதத்தில் 10 லட்சம் தடவை வரை எழுப்பக் காசில்லை. எங்களுக்குத் தேவை ஒரு நாளைக்கு ஒரு தடவை. இரவு 8 மணிக்கு அது அட்டவணையைப் படித்து, அடுத்த நாள் பயணங்களைக் கூகுள் கலண்டரில் எழுதும். கார் ஓடுபவரின் தொலைபேசி மணி அடிக்கும்.

தாதியர் என்பதால் ஒன்றில் மட்டும் கவனமாக இருந்தோம். நோயாளியின் விபரத்தைக் கண்ட இடத்தில் எழுதக்கூடாது என்பது ஒன்ராறியோவின் 2004ஆம் ஆண்டு உடல்நலத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தோடு எங்களுக்கு ஊறிப்போன பழக்கம். அதனால் கலண்டரில் பெயரும் இல்லை, நோயும் இல்லை. ‘பயணம் 3, காலை 6:15’ என்று மட்டும் விழும். இதை நினைத்து எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஜனவரி, பெப்ரவரி முழுவதும் ஒரு பிசகும் இல்லை. இரவு அழைப்புகளை நிறுத்திவிட்டோம்.

மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வந்தது. அன்று அதிகாலை 2 மணி 3 மணியாகிவிடும். எங்கள் இருவரில் ஒருவர் அந்தச் சனி இரவு வார்ட்டில்தான் நின்றார். 12 மணி நேர இரவு வேலை 11 மணி நேரமாகிவிட்டது என்று எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். எங்கள் நிரலுக்கும் அந்த ஒரு மணி நேரம் வரும் என்று மூவரில் ஒருவருக்கும் படவில்லை. ஞாயிறு இரவு கலண்டர்ப் பதிவு 8 மணிக்கு வராமல் 9 மணிக்கு வந்தது. அதையும் கவனிக்கவில்லை.

திங்கள் காலை, டயாலிசிஸ் செய்யும் அன்ரி ஒருவர் வழக்கம்போல 6:15க்குக் கீழே இறங்கி வாசலில் நின்றார். இருட்டு. குளிர். அன்று முதல் தடவையாக ஓட வந்த பிள்ளையின் தொலைபேசியில் 7:15 என்றிருந்தது. அவர் சரியாக 7:15க்கு வந்தார். அன்ரிக்கு டயாலிசிஸ் கதிரை 7 மணிக்கு. போய்ச் சேர 7:45. அதே கதிரைக்கு அடுத்த நோயாளியும் காத்திருப்பார் என்பதால், 4 மணி நேரச் சிகிச்சையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

முக்கால் மணி நேரம் பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். திங்கள், புதன், வெள்ளி போகிறவருக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான் நீண்ட இடைவெளி. உடம்பில் நீர் கூடுதலாகத் தேங்கியிருப்பது திங்களில்தான். நேரத்தைக் குறைக்கக் கூடாத நாளில் குறைத்துவிட்டோம். அன்றிரவு அன்ரிக்கு நேராகப் படுக்க முடியவில்லை. மூச்சு முட்டி, தலையணைகளை அடுக்கி, இருந்தபடியே விடிய வைத்தார். புதன் சிகிச்சைக்குப் பிறகுதான் சரியானது.

பிழை எங்கே? ரொறன்ரோவின் குளிர்கால நேரம் உலகப் பொது நேரத்துக்கு 5 மணி நேரம் பின்னால். அதனால் நிரலில் ‘5ஐக் கூட்டு’ என்று எழுதியிருந்தோம். காலை 6:15, பொது நேரத்தில் 11:15 ஆகக் கலண்டருக்குப் போனது. கோடை நேரம் தொடங்கியதும் வித்தியாசம் 4 மணி நேரமாகிவிட்டது. அதே 11:15ஐக் கலண்டர் 7:15 என்று காட்டியது. கலண்டர் சரியாகவே கணக்குப் பார்த்தது. நாங்கள் கொடுத்த எண்தான் பிழை. நிரலை எழுப்புகிற மணியையும் பொது நேரத்திலேயே வைத்திருந்தோம். நாங்கள் எடுத்த முறை அப்படித்தான் ஓடும் என்று வழிகாட்டியில் தெளிவாக இருந்தது. வாசிக்கவில்லை.

இப்போது எண் இல்லை, இடத்தின் பெயர். நேரத்தை 6:15 என்றே அனுப்பி, பக்கத்தில் ‘அமெரிக்கா/ரொறன்ரோ’ என்று எழுதுகிறோம். எப்போது 4, எப்போது 5 என்பதை அந்தப் பெயரே பார்த்துக்கொள்ளும். உங்கள் அம்மா அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். 1996இல் இலங்கை நேரத்தை மாற்றியபோது, ‘பழைய நேரமோ, புது நேரமோ’ என்று கேட்காமல் ஒருவரையும் சந்திக்கப் போக முடியாது. 2006இல்தான் திரும்பப் பழைய நேரத்துக்கு வந்தது. ‘ஆசியா/கொழும்பு’ என்று எழுதினால் கணினிக்கு அந்தக் கதையும் தெரியும். எண்ணுக்குத் தெரியாது.

நிரலை எழுப்பும் வேலையை ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலருக்கு மாற்றினோம். 2022இல் வந்த அந்தச் சேவையில் இடத்தின் நேரத்தையே சொல்லலாம். ஒவ்வொரு பயணத்துக்கும் நாங்களே ஓர் அடையாள இலக்கம் கொடுக்கிறோம். நிரல் தவறி இரண்டு தடவை ஓடினாலும் ஒரே பயணம் இரண்டாக விழாது. ஒவ்வொரு இரவும் ‘நாளைக்கு இத்தனை பயணம்’ என்று எங்களுக்குச் செய்தி வரும். பயணம் இல்லாத நாளிலும் வரும். அது வராவிட்டால் ஏதோ பிழை என்று அர்த்தம். புதிதாக எதை மாற்றினாலும், மார்ச் இரண்டாம் ஞாயிறையும் நவம்பர் முதல் ஞாயிறையும் கொடுத்து ஓட்டிப் பார்க்கிறோம்.

ஆனால் உங்களுக்கு எழுத வைத்தது இதெல்லாம் இல்லை. அந்த வாரம் அன்ரியின் வீட்டுக்கு மூவரும் மன்னிப்புக் கேட்கப் போனோம். அவர் கோபிக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுக் கேட்டார்: “முந்தி ராத்திரியிலை ஒருக்கா ரெலிபோன் எடுப்பியள். நாளைக்கு ஆறேகால் அன்ரி எண்டு சொல்லுவியள். இப்ப ஏன் பிள்ளையள் எடுக்கிறேல்லை?”

எங்களிடம் பதில் இல்லை.

அந்த அழைப்பை நாங்கள் வெறும் தகவல் என்று நினைத்திருந்தோம். தகவலைக் கணினி எங்களைவிட வேகமாகச் சொல்லும் என்பதால் நிறுத்தினோம். உண்மையில் அது ஒரு சரிபார்ப்பும்கூட. ‘நாளைக்கு ஏழேகால் அன்ரி’ என்று சொல்லியிருந்தால், ‘இல்லைப் பிள்ளை, ஆறேகால்’ என்று அவர் அந்த இடத்திலேயே பிடித்திருப்பார். வார்ட்டில் மருந்துப் பம்ப் எவ்வளவு கெட்டிக்காரத்தனமானதாக இருந்தாலும், கையிலுள்ள பட்டியைப் பார்த்து, பெயரைக் கேட்டுத்தான் மருந்து கொடுப்போம். வேலையில் ஒரு நாளும் விடாததை இங்கே விட்டுவிட்டோம்.

இப்போது கலண்டரில் எழுதுவது நிரலின் வேலை. இரவில் தொலைபேசி எடுப்பது எங்கள் வேலை. எழுதும் பாரம் போனதால் ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேச நேரமும் கிடைக்கிறது. மூச்சு எப்படி, கால் வீங்கியிருக்கிறதா என்றும் கேட்கிறோம்.

வருகிற நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூடு மறுபடி மாறும். நிரல் தயார். ஆனாலும் அன்று இரவு எல்லாருக்கும் தொலைபேசி எடுக்க வேண்டும். எங்களுக்கு இன்னும் இரண்டு பேர் தேவை. கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆராதனை முடிய, தேநீர் மேசைக்கு வாருங்கள்.