தண்ணி திறந்த மாசம்

என் மகள் பிறந்தது 1987 ஜூலையில். சான்றிதழில் தேதி இருக்கிறது. அதன்பிறகு அவள் வளர்ந்த கதைக்கு எங்கள் வீட்டில் தேதியே கிடையாது. உத்தமபாளையத்தில் யார் வந்து கேட்டாலும் என் மாமியார் ஒரே மூச்சில் சொல்வார்: "ஐப்பசி மழையில குப்புற விழுந்துச்சு, தைப்பொங்கலுக்கு உக்காந்துச்சு, வீரபாண்டித் திருவிழாவுக்குப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு, தண்ணி திறந்த மாசம் நடந்துருச்சு."

கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணி திறப்பு என்றால் பெரியாற்றுத் தண்ணீர்தான். மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பொறியாளர் பென்னிகுவிக். 1895-ல் அணை எழுந்தது. அணையில் நீர் இருந்தால் ஜூன் தொடக்கத்தில் முதல் போகத்துக்குத் திறப்பார்கள். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல் அதற்காகக் காத்திருக்கும். வாய்க்காலில் முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும்போது தெருப்பிள்ளைகள் அதன் முன்னால் ஓடுவார்கள். அவர்களைப் பார்த்துத்தான் என் மகள் என் சேலையை விட்டுவிட்டு நாலு எட்டு வைத்தாள். மாமியார் அவள் பாதத்தை வாய்க்காலில் நனைத்துவிட்டு, "இனிமே இவ ஊர்க்காரி" என்றார்.

நடவு தொடங்கினால் வரப்போரத்துப் புங்கமரங்களில் சேலைத் தொட்டில்கள் தொங்கும். பால் குடிக்கும் நேரத்தில் நாற்றுக்கட்டைப் போட்டுவிட்டு, சேற்றுக்கையைக் கழுவிக்கொண்டு தாய்மார்கள் ஓடிவருவார்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு அதற்கும் வழியில்லை. விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ கேரளத்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளை கண்விழிக்கும்போது அம்மா மலைமேல் இருப்பாள். பொழுது சாய்ந்ததும் அந்தப் பிள்ளைகள் ஜீப் நிற்கும் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். எந்தச் சத்தம் எந்த ஜீப் என்று அவற்றுக்குத் தெரியும். இறங்குகிற அம்மாவின் மடியில் ஒரு பொட்டலம் முறுக்கோ பன்னோ இருக்கும். சேலையெல்லாம் ஏலக்காய் வாசம். இடுப்பில் ஏறிய பிள்ளை வீடு போய்ச் சேரும்வரை இறங்காது. என் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருக்க எனக்கு வாய்த்தது. வீடு போய்ச் சேரும் அரைமணி நேரத்துக்குள் ஒரு நாளைய பாசத்தை முழுக்கக் கொடுத்து முடித்த அந்தப் பெண்களை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

திராட்சையைச் சொல்லாமல் விட முடியாது. கவாத்து வெட்டி நாலு மாதத்தில் பழம் வந்துவிடும். ஒரு தோட்டத்தில் வெட்டு முடிந்தால் அடுத்த தோட்டத்தில் பழுத்திருக்கும். அதனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பருவம் என்றே ஒன்று இல்லை. சுருளிப்பட்டிப் பக்கம் தம்பி குத்தகைக்கு எடுத்திருந்த தோட்டத்துக்குப் போவோம். ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கிற பந்தல். பிள்ளைகளுக்கு அது சரியான உயரத்தில் கட்டிய வீடு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்ததில் இலையெல்லாம் நீலம் பூத்திருக்கும். "கழுவாம வாயில வைக்காதீக" என்று தம்பி கத்துவான். கிணற்றுத் தொட்டியில் கொத்தோடு முக்கி, பன்னீர் திராட்சையைப் பிதுக்கித் தின்று, கொட்டையைத் துப்பி யார் அதிக தூரம் என்று போட்டி. 2023-ல் அந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது என் மகன் தொலைபேசியில் முதலில் கேட்டது, "மாமா தோட்டத்துத் தொட்டி இன்னும் இருக்காம்மா?"

அவன் 1991-ல் பிறந்தவன். பள்ளிக்கூடம் சேர்க்கும் முன் வலக்கையைத் தலைக்கு மேலே போட்டு இடக்காதைத் தொடுகிறானா என்று மாமியார் தினமும் சோதித்தார். எட்டிய அன்று தெருவுக்கே பொரிகடலை கொடுத்தார். 1996 ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தபோது நாங்கள் மதுரை மாவட்டம். 1997 ஜனவரியில் தேனி தனி மாவட்டமானது. அப்போதுதான் எழுதப் பழகியவன் நோட்டு அட்டை ஒவ்வொன்றிலும் 'தேனி மாவட்டம்' என்று எழுதி எழுதிப் பார்த்தான். விழுந்த முதல் பல்லைச் சாணியில் உருட்டி ஓட்டின்மேல் எறிந்ததும் அந்த மாதம்தான்.

மதுரைக்கு அம்மா வீடு போவது தேனியிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில். ஆண்டிபட்டிக் கணவாயில் அது திணறி ஏறும்போது பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து அதற்குத் தெம்பு சொல்வார்கள். அகலப்பாதைக்காக 2010 கடைசியில் அதை நிறுத்தினார்கள். பதினோரு வருஷத்துக்கு மேல் ரயிலே பார்க்காமல் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இங்கே வளர்ந்தார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். 2022 மே மாதம் தேனிக்கு ரயில் திரும்பியது. மகள் கைக்குழந்தையோடு மதுரையிலிருந்து அதில்தான் வந்து இறங்கினாள்.

பேரனுக்கு இனிமேல்தான் காது குத்த வேண்டும். வருகிற சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம். தீச்சட்டிக் கூட்டம் இரவும் பகலும் ஓயாது. முல்லையாற்றில் குளிப்பாட்டி மொட்டை போட விடியற்காலையே போய்விட வேண்டும். தாய்மாமன் கோவையில் வேலையில் இருக்கிறான். மடியில் உட்கார வைக்க இப்போதே விடுப்பு சொல்லிவிட்டான். சீர் தட்டு எத்தனை எடுக்க வேண்டும் என்று நேற்றும் கேட்டான்.