பதினோராம் பருவம்

குழந்தையின் வளர்ச்சியைத் தமிழ்ப் புலவர் கண்டு களித்த திறம் பெரிது. காப்பு முதலாகப் பத்துப் பருவம் வகுத்து, அது செங்கீரை ஆடுவதையும் சப்பாணி கொட்டுவதையும் பிள்ளைத்தமிழிற் பாடி வைத்தனர். ஆயின், குழந்தை தொட்டிலை விட்டதும் நடைவண்டியை மறந்ததும் கூறும் பருவம் அப் பத்தனுள் இல்லை. அப் பதினோராம் பருவம் ஈன்றோர் உள்ளத்தில் மட்டுமே உளது. அதனைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றோம்.

பழைய நூல்களில் இதன் சாயலே இல்லையென்றும் சொல்லவியலாது. புறநானூற்று 77-ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார், போர்க்களத்து நிற்கும் இளம் பாண்டியன் நெடுஞ்செழியனைக் காண்கிறார். அவன் காலிற் கிண்கிணி நீங்கிக் கழல் ஏறியிருக்கிறது. சிறுவர் அணியும் ஐம்படைத்தாலியோ இன்னும் களையப்படவில்லை. பாலை விட்டு உணவு உண்டதும் அன்றுதான் என்கிறார். புலவர் வியந்தது அவன் வீரத்தை. ஆயினும், அக் கிண்கிணியைக் கழற்றிய கை யாருடையது, கழற்றியபின் அதனை எங்கே வைத்தது என்று நாம் பன்முறை எண்ணியதுண்டு.

திருமறையில் அன்னாளின் செய்தியும் இத்தகையதே. சாமுவேலை ஆலயத்தில் விட்டுவந்த அத் தாய், ஆண்டுதோறும் பலி செலுத்தப் போகையில் அவனுக்குச் சிறு சட்டை ஒன்று தைத்துக் கொண்டுபோனாள். ஓராண்டில் எத்துணை வளர்ந்திருப்பான் என்று மனத்தாற் கணித்தே அவள் துணியை அளந்திருத்தல் வேண்டும். பழைய சட்டை சிறுத்துப் போவதையே அவள் விரும்பியிருப்பாள். அது சிறுத்துப் போனதைக் கண்டபொழுது அவள் நெஞ்சு கனத்திராதா?

இனி, எம் இல்லத்துக்கு வருவோம். மூன்று சக்கரம் பூட்டிய மர நடைவண்டி ஒன்று எம்மிடம் இருந்தது. உடன்பிறந்தார் மூவரும் நாமும் அதனைப் பற்றியே நடை பயின்றோம். கடைக்குட்டியாகிய தங்கைக்கு இப்பொழுது வயது ஆறு. சென்ற கோடை விடுமுறையில், அடுத்த வீட்டுப் பேரக்குழந்தை சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கவே, அவ்வீட்டம்மையார் வண்டியைக் கேட்டார். எம் அன்னையார் உடனே இசைந்தார். நாம் பரணிலிருந்து இறக்கித் தர, அவர் ஈரத்துணியால் துடைத்தார். தந்தையார் ஒன்றும் பேசாது சக்கரங்களுக்குத் தேங்காயெண்ணெய் இட்டு உருட்டிப் பார்த்தார். ஒருமுறை உருட்டினாற் போதும். அவர் பலமுறை உருட்டினார்.

அன்று மாலை அடுத்த வீட்டு முற்றத்திற் சக்கரம் உருளும் ஓசை கேட்டது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அன்னையாரின் சுளகு நின்றது.

“கொடுத்ததில் வருத்தமோ?” என்று வினவினோம்.

“வருத்தமில்லை, ஐயா. நீ முதலடி வைத்த நாளை இன்றும் சொல்லுவேன். தங்கை கடைசியாக அதைத் தள்ளிய நாள் எதுவென்று எண்ணிப் பார்க்கிறேன், தெரியவில்லை. அதுவே கடைசி என்று அன்றைக்கு யார் அறிந்தார்?” என்றார்.

அச் சொல்லை நாம் மறந்திலோம். முதற் பல்லுக்கும் முதலடிக்கும் நாள் உண்டு. ஊரார்க்குச் சொல்லி மகிழ்கின்றனர். முடிவுகளோ சொல்லாமலே வந்து போகின்றன. பரணிற் கிடக்கும் பொருளைக் கண்ட பின்னரே அவை நிகழ்ந்தமை புலனாகின்றது. நடைவண்டியின் பயன், குழந்தைக்குத் தான் வேண்டாத பொருளாகிவிடுவதே. ஈன்றோர் பணியும் பெரும்பாலும் அத்தகையதே. ஆதலின் அவர்தம் மகிழ்வும் வருத்தமும் ஒன்றற்கொன்று பகையல்ல. அவை ஓரச்சிற் பூட்டிய இரு சக்கரங்கள்.

மாணவத் தோழர்களே, விடுமுறையில் இல்லஞ் சென்று பரணைத் துப்புரவு செய்யும்பொழுது, ஆங்குக் கிடக்கும் தொட்டிற் கம்பையும் கிலுகிலுப்பையையும் குப்பையென்று எறிய விரையற்க. வேண்டுவோர்க்கு வழங்குதல் நன்றே. வழங்குமுன் அவற்றைத் தாயார் கையிற் கொடுத்து, அவர் வேண்டுமளவும் வைத்திருக்க விடுக. அப்பொழுது அவர் அருகிற் சற்று அமர்ந்திருத்தலே நாம் செய்யத்தக்கது.